பட்டினி நேரத்து விஷம்

மாலை ஐந்தரை. கூத்தாநல்லூர் வீடுகளில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்த வேளையில், சித்தீக் ராவுத்தர் தன் அரிசி ஆலைக் களத்தில் நெல்லின்மேல் குப்புறக் கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. தொட்டால் ஜில்லிட்டது. உள்ளூர் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தபோது, எழுபதுக்கு மேல் இருக்கவேண்டிய சர்க்கரை முப்பத்தொன்று. குளுக்கோஸ் ஏற்றியபடியே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் எழில்மொழி அங்கே போய் இறங்கியதும் மகன் இர்பான் வழிமறித்தான்.

"அத்தாவுக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது மேடம். வீட்ல இன்சுலின் போட்டுக்கிறது சின்னம்மா ஒருத்தங்கதான். அவங்களைப் புடிச்சு உள்ள வைங்க."

சின்னம்மா என்றது நூருநிஷாவை. இர்பானின் தாய் இறந்தபின் ராவுத்தர் கட்டிக்கொண்டவள்.

"ஊசி போட்டதைப் பாத்தீங்களா?"

"ஊசியைப் பாக்கல. ஐப்பசியிலேர்ந்து விடியக்காலைல அத்தா உளறுவாங்க, எழுந்திரிக்க மாட்டாங்க. சின்னம்மா வாயில எதையோ தடவுவாங்க. நான் போனா கையை மறைச்சுப்பாங்க. அன்னையிலேர்ந்து கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அவங்களைக் காவல் காக்குறேன்."

நூருநிஷா வராந்தா பெஞ்சில் விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வாயில என்ன வச்சீங்க?"

"தேன். எனக்குச் சர்க்கரை இறங்குனா அப்படித்தான் மேடம் வேர்க்கும். அதான் வச்சுப் பாத்தேன், தெளிஞ்சாங்க."

"ஏன் மறைச்சீங்க?"

"மகனுக்குத் தெரிஞ்சா ஆலைப் பக்கமே விடமாட்டான், சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

கதை நன்றாகத்தான் இருந்தது. குற்றவாளிகளின் கதை என்றைக்கு நன்றாக இல்லாமல் இருந்திருக்கிறது? வீட்டில் இன்சுலின், கையில் ரகசியம். நாளைக்கே கைது செய்யலாம். ஆனாலும் எழில்மொழிக்கு ஒன்று நெருடியது.

"நோன்பு தொடங்கின பிறகும் விடியக்காலைல மயக்கம் வந்துதா?"

"இல்ல. விடியறதுக்கு முன்னால சஹருக்கு எழுந்து சாப்பிட்டுடுறாங்களே. இப்பல்லாம் சாயங்காலந்தான் தள்ளாட்டம்."

எழில்மொழி உள்ளே போய் டாக்டர் அனுராதாவைத் தனியே அழைத்துப் பேசினாள். குடும்பத்தார் யாரும் உள்ளே போகக்கூடாது என்று வாசலில் கான்ஸ்டபிளை நிறுத்தினாள். டாக்டர் பக்கத்திலேயே இருந்து குளுக்கோஸை நிறுத்தினார். யார் கையும் படாமலே சர்க்கரை மறுபடி சரிந்தது. அந்த நேரத்து ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டுதான் திரும்பக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அப்படியானால் கொலைகாரன் அறைக்குள்ளேயே இருக்கிறான்.

மறுநாள் அனுராதா ஸ்கேன் படத்தைக் காட்டினார். ஈரலின் வலப்பக்கத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"குடிப்பழக்கம் இல்ல, காமாலை இல்ல, ஈரல் டெஸ்ட் எல்லாம் சுத்தம். அதனால இதை யாரும் சந்தேகப்படல."

"புத்துநோயா?"

"இப்ப சொல்லக்கூடாது. ஈரல் ஏற்கெனவே சுருங்கிக் கெட்டவங்களுக்குப் பெரும்பாலும் இந்தப் படமே சாட்சி. நல்ல ஈரல்ல சாதுவான கட்டியும் இதே வேஷம் போடும். ஊசியால துணுக்கு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"எங்க தொழிலும் அதேதான். மூஞ்சியைப் பாத்து உள்ள தள்ளக்கூடாது."

துணுக்கின் முடிவு வந்த அன்று எழில்மொழி இர்பானையும் நூருநிஷாவையும் டாக்டர் அறைக்கு அழைத்தாள்.

"விஷம் வைக்கிறவங்களுக்குச் சோறு வேணும் இர்பான். இந்தக் குற்றவாளிக்குப் பட்டினி போதும். முன்னெல்லாம் ராத்திரி வயிறு காய்ஞ்சு விடியல்ல மயங்கினாங்க. நோன்புல பகல் முழுக்கக் காய்ஞ்சு சாயங்காலம் மயங்கினாங்க. சாப்பாட்டு நேரம் மாறினதும் மயக்க நேரமும் கூடவே மாறிச்சு. அதைத்தான் எல்லாரும் கவனிக்காம விட்டோம். இன்சுலின் போட்டிருந்தாலும், சர்க்கரை மாத்திரை கொடுத்திருந்தாலும், மயங்கின நேரத்து ரத்தத்துல இன்சுலின் ஏறியிருக்கணும். இல்லவே இல்ல. அந்தக் கட்டி இன்சுலின் மாதிரியே ஒண்ணைச் சுரந்து சர்க்கரையைக் குடிச்சிருக்கு. குற்றவாளி, ஈரல்ல வந்த புத்துநோய். உங்க சின்னம்மா தேன் வச்சிருக்கலேன்னா அத்தா ஐப்பசியிலேயே போயிருப்பாங்க."

இர்பான் தலையைத் தொங்கப்போட்டான். நூருநிஷா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அறுத்து எடுத்துடலாமா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

அனுராதா ஸ்கேன் படத்தை எடுத்து விரித்தார். "மிச்ச ஈரல் நல்லா இருக்கு. பெருசா வெட்டினாலும் தாங்கும். ஆனா கட்டி ரத்தக்குழாய்க்குள்ள நுழைஞ்சிருக்கு. ஐப்பசியிலேயே வந்திருந்தா துணிஞ்சு நம்பிக்கை சொல்லியிருப்பேன்."

இர்பானுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "நான் ராப்பகலா காவல் காத்தேனே..."

"என்னைக் காத்தே தம்பி," என்றாள் நூருநிஷா. "நான் சத்தியத்தைக் காத்தேன். அத்தாவை ரெண்டு பேருமே காக்கலியே."