கால் கடுக்க

கதவருகே நிற்கும் நேரம் என்று ஒரு கணக்கு. மற்றவர்களுக்கெல்லாம் சராசரி நான்கு விநாடி. ஒரே ஒருவருக்கு மட்டும் பதினொரு நிமிடம்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் ‘பெரும்புள்ளி’ என்று பெயர். பார்ப்பது புள்ளிவிவர வேலை, ஆள் ஐந்தடிகூட இல்லை, கேலிக்கு வேறென்ன வேண்டும்? விளையாட்டு வெளிவந்து ஒரு வருடம் ஆகிறது, பத்து லட்சம் பேர் அதை எப்படி விளையாடினார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று மேலாளர் கேட்டிருந்தார். மழை நாள். ஏசி குளிரில் ஈரக் குடைகளின் வாடை அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

விளையாட்டு இதுதான். ஆடுபவர் ஒரு பாத்திரமாகிப் பழைய வீடொன்றுக்குள் போவார். கூடவே ஒரு தோழி வருவாள். அவளுக்குப் பெயர் வைப்பது ஆடுபவர் இஷ்டம். கடைசியில் அந்த வீடு ஓர் ஆளைக் கேட்கும். தானே தங்கிவிடலாம். மூன்று மணி நேரம் அலைந்தால் இருவரும் தப்பிக்க வழி உண்டு. இல்லையா, தோழியை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நடையைக் கட்டலாம். உள்ளேயிருந்து அவள் தட்டுவாள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் சாத்தவில்லை. கெட்டவனாகத்தான் ஆடுவேன் என்று வீராப்பாக ஆரம்பித்தவர்கள்கூடப் பத்தாவது நிமிடத்தில், விளையாட்டில் வரும் எவனோ தொலைத்த ஆட்டைத் தேடிக்கொண்டு அந்த வீட்டைச் சுற்றியிருக்கும் காடு மேடெல்லாம் அலைந்திருந்தார்கள். மீதி இரண்டு பேரும் தட்டும் சத்தம் தாங்காமல் நான்கு விநாடியில் ஓடிப்போய், பழைய இடத்திலிருந்து திரும்ப ஆடி அவளைக் காப்பாற்றியிருந்தார்கள். பெரும்புள்ளிக்கு அதில் அப்படியொரு பெருமை. “யாரும் பாக்காத இடத்துலயும் மனுஷங்க நல்லவங்கதாங்க” என்று போன மாதம் சாப்பிடும்போது கணவரிடம் சொல்லியிருந்தாள். “அப்படியா கடுகு?” என்று அவர் சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, “தட்டுற சத்தம் எவ்வளவு நேரம் கேக்கும்?” என்றும் கேட்டார்.

இந்த ஒருவர் மட்டும் இருநூற்றுப் பதினொரு தடவை ஆடியிருந்தார். இருநூற்றுப் பதினொரு தடவையும் கதவைச் சாத்தியிருந்தார். முதலில் நான்கு விநாடி நின்றவர், பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போயிருந்தார். தட்டல்களின் எண்ணிக்கையும் கூடவே ஏறியிருந்தது.

ஒலிக்காரர் பக்கத்து மேசை. தட்டும் சத்தத்தைத் தன் வீட்டுக் கதவைத் தட்டிப் பதிவு செய்தவர் அவர்தான்.

“அண்ணே, தட்டுற சத்தம் எவ்வளவு நீளம் வச்சிருக்கீங்க?”

“நாப்பது செகண்ட். அதுக்கு மேல தட்ட என் பொண்டாட்டி விடலை.”

“இங்க ஒருத்தருக்குப் பதினோரு நிமிஷம் தட்டியிருக்கு.”

எட்டிப் பார்த்த அவர் சிரிப்பை நிறுத்தினார். “என்கிட்ட அவ்வளவு சத்தமே இல்லையேம்மா. இவன் எதைக் கேட்டுட்டு நிக்கிறான்?”

அவள் இன்னும் கீழே போனாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் தோழியை அறைக்குள் அழைக்க அந்த ஆள் ஒவ்வொரு வழியாகப் பார்த்திருந்தார். அதட்டல், பயமுறுத்தல், கெஞ்சல். கடைசி முப்பது ஆட்டங்களில் மட்டும் மாற்றமே இல்லை. சால்வை போர்த்தல். மன்னிப்புக் கேட்டல். கையில் விளக்குக் கொடுத்தல். முன்னால் போகச் சொல்லல். அதற்குக் கீழேயும் ஏதோ வரிகள் இருந்தன. அதற்குள் அவள் கண் தோழியின் பெயரில் விழுந்துவிட்டது.

கடுக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் பேருந்து நிறுத்தத்திலிருந்து கணவர் அனுப்பிய முதல் செய்தி: ‘கடுக்கு, கால் கடுக்க நிக்கிறேன், சீக்கிரம் வா.’ கடுகு என்று அடிக்கப்போய் எழுத்துப் பிசகிவிட்டது. வாத்தியாருக்கே எழுத்துப் பிழையா என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து வாயால் கூப்பிட்டால் கடுகு, எழுதினால் கடுக்கு. இந்தப் பிழையை உலகத்தில் இரண்டு பேர்தான் செய்வார்கள்.

ஆடிய நேரங்களைப் பார்த்தாள். எல்லாம் பள்ளிக்கூடம் இருக்கும் நாட்கள். மாலை நாலேகாலிலிருந்து ஆறரை வரை. அவள் வீடு வந்து சேர்வது ஏழு மணிக்கு.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். பத்து லட்சம் பேரின் மனசைப் படித்தவள், ஒரே கட்டிலில் படுக்கிறவரைப் படிக்கவில்லை. அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது. விளையாட்டுதானே, விளையாட்டில் யார்தான் எதைச் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டாள். நேரே கேட்டுவிடுவோம். ‘ஆமாம், சும்மா ஆடினேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அன்றைக்கு ஐந்தரை மணிக்கே கிளம்பினாள்.

வீட்டுக் கதவை அவள் தொடுவதற்கு முன்பே அவர் திறந்தார்.

“என்ன கடுகு, சீக்கிரம் வந்துட்ட? நனைஞ்சுட்டியே!” என்று சொல்லி, தயாராகத் தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து அவளைப் போர்த்தினார். நனைந்து வந்தவளுக்குச் சால்வை தராமல் வேறென்ன தருவார்கள்? அவள் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள். சால்வையில் புதுத்துணி வாசனை அடித்தது.

“நீங்க எப்பவாவது எங்க கேம ஆடிப் பாத்திருக்கீங்களா?”

“நானா? பரிட்சைத் தாள் திருத்தவே எனக்கு நேரம் இல்ல. அதெல்லாம் எனக்குச் சுத்தமா ஆகாதும்மா.”

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். கல்யாணமாகி எட்டு வருடம்.

வீடு என்றும் இல்லாத அமைதியாக இருந்தது. ஃபிரிட்ஜ் சத்தம் இல்லை. ஓடும் மின்விசிறியின் கிரீச்சும் இல்லை. மழைத்தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் மட்டும் சுவருக்குள்ளே யாரோ முணுமுணுப்பதைப் போலக் கேட்டது.

“கரண்ட் போச்சு” என்றார். “நேத்து உங்கிட்டக் கத்திட்டேன். மன்னிச்சுக்கோ.”

நேற்று அவர் கத்தவே இல்லை.

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் மெல்ல அவள் கைப்பையைத் திறந்து, போனை எடுத்து, விளக்கைப் போட்டு, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அவர் கை சூடாக, அன்பாக இருந்தது. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

“ஸ்டோர் ரூம்ல ஃபியூஸ் பாக்கணும். நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வரேன்.”

அந்த அறைக் கதவு மழைக்கு ஊதிவிட்டது என்று போன வாரம்தான் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

“நீங்க முன்னாடி போங்க” என்றாள்.

அவர் சிரித்தார். “சரி, நானே போறேன்.” போனார். அறைக்குள் புகுந்து, கடைசிச் சுவர் வரை நடந்து, பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சே, என்ன மனசு இது. பாவம் மனுஷன்.

“ஒண்ணும் தெரியல கடுகு. கிட்ட வந்து காட்டு.”

போனாள். அட்டைப்பெட்டிகள். பழைய மெத்தையின் பூஞ்சை வாடை. அவள் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

“அப்படியே பிடி. ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வந்துடறேன்.”

தோளை உரசிக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

“என்னங்க!”

கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

“என்னங்க, திறங்க! விளையாடாதீங்க!”

தட்டினாள். கை வலிக்கத் தட்டினாள். யாரையாவது கூப்பிடலாம் என்று போனைப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. திரையில் அலுவலகத்தின் புள்ளிவிவரப் பக்கம் தானாகத் திறந்திருந்தது. மாலையில் அவள் படிக்காமல் விட்ட வரிகள். ‘தோழி மறுத்தால்: தானே முன்னால் போதல். பின் கிட்டே அழைத்தல். முப்பதுக்கு முப்பது.’

அவளுடைய சந்தேகத்துக்கும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். கூட இருந்தே குழி பறித்திருந்தார், மாலை மாலையாக, அவள் வருவதற்குள்.

அதற்குக் கீழே புது வரி ஒன்று.

ஆட்டம்: 212. தோழி: கடுக்கு. தட்டல்கள்: 31. கதவருகே நிற்கும் நேரம்: ஒரு நிமிடம் நான்கு விநாடி.

ஐந்து விநாடி.

ஆறு.

குனிந்து பார்த்தாள். கதவுக்கு அடியில் மாலையின் சாம்பல் வெளிச்சம் ஒரு கீற்று. அதில் இரண்டு பாதங்களின் நிழல். அசையவில்லை. கால் கடுக்க நின்றுகொண்டிருந்தார்.

தட்ட மாட்டேன். அவர் கேட்க வந்ததைக் கொடுக்க மாட்டேன். இரண்டு கையையும் சால்வைக்குள் விட்டு நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். போன் தரையில் கிடந்து ஒளிர்ந்தது.

தட்டல்கள்: 32.

33.

34.

சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மெத்தைக்கு அந்தப் பக்கம். கதவே இல்லாத சுவரில். ஒரு கை. பிறகு பல கைகள், அவர் கதவைச் சாத்திய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்று என்பதுபோல. எல்லாம் அவளைப் போலவே தட்டின.

“என்னங்க...” முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டாள். “இப்பத் தட்டுறது நான் இல்லீங்க.”

கதவுக்கு அடியிலிருந்த பாதங்கள் அசைந்தன. நன்றாகக் கேட்பதற்காக, இன்னும் ஓர் அடி நெருங்கி வந்து நின்றன.