ஆறு டிசம்பர் ரத்தம்

"பெட்டியை மூடாதீங்க!"

அல்போன்சா போட்ட அலறலில், ஆணியும் சுத்தியலுமாக நின்றவன் அப்படியே விறைத்துப் போனான்.

வேம்பார். 1978, மார்ச். காலை பதினொரு மணி.

பெட்டிக்குள் அவள் புருஷன் ரோச். முப்பத்திரண்டு வயசு. நேற்று மத்தியானம் வரை சங்கு குளித்தவன்... இன்று பிணம்!

"மயினி, கோயில்ல துக்க மணி அடிச்சாச்சு..." என்றான் கொழுந்தன் விக்டர்.

"அடிக்கட்டும்! இப்பம் புதைச்சா, எம் புருஷனைக் கொன்னவன் தப்பிச்சிருவான்!"

அவள் சொல்லியனுப்பிய போலீஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் காசிலிங்கம் இறங்கினார். கூடவே, சாவுக்குக் காரணம் சொல்ல டாக்டர் செல்வதுரை. யார் உடம்பில் மஞ்சள்காமாலைக் கிருமி வருஷக்கணக்கில் தங்குகிறது என்று, இந்தக் கரையில் வருஷா வருஷம் ரத்தம் எடுத்து ஆராய்ச்சி செய்கிற பெரிய மனுஷர்! கக்கத்தில் தடி ரிஜிஸ்தர்.

"யார் மேலம்மா சந்தேகம்?"

"இந்தா நிக்காரே, இவர் மேலதான்யா! போன மாசம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஈரல் வீங்கிச் செத்தாரு. 'கிருமி இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல? மெட்ராஸுக்குப் புகார் எழுதிப் போடுதேன்'னு எம் புருஷன் சண்டை போட்டாக. நேத்து இவரு சமாதானம் பேச வந்து, சத்து ஊசின்னு ஒண்ணு போட்டாரு. பொழுது அடையுமுன்ன உசுரு போயிட்டு!"

டாக்டர் சிரித்தார். பிணத்தின் தலைமாட்டில் நின்று என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு!

"துக்கத்துல உளறுது, இன்ஸ்பெக்டர். ரோச்சுக்கு ரொம்ப நாளா கிருமி. ஈரல்ல கட்டி வந்து உடைஞ்சிருக்கு. போஸ்ட்மார்ட்டமே தேவையில்ல. பாருங்க... 72-லேருந்து 77 வரை ஆறு டிசம்பர். ஆறும் பாசிட்டிவ்!"

அல்போன்சாவுக்குச் சுரீரென்றது.

டிசம்பரா?

"அது எம் புருஷன் ரத்தந்தானா?"

"பின்னே? என் ஆளுங்க பேர் கேட்டு, பெருவிரல் ரேகை வாங்கித்தான் எடுப்பாங்க. தப்பே வராது!"

"தப்புதான்யா!" அவள் குரல் உயர்ந்தது. "டிசம்பர் சங்கு சீசன். எந்த டிசம்பர்லயும் அவுக பகல்ல கரையில நின்னதில்ல! ரத்தம் குடுத்தா பால்பவுடர் டின் ஒண்ணு. கடலுக்குப் போனவுகளுக்குப் பதிலா வீட்ல இருக்கவுக கை நீட்டுவாக. இங்கன எல்லா வீட்லயும் அதான் வழக்கம்!"

"அப்ப இது யார் ரேகை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

விக்டர் முன்னால் வந்தான். காது சவ்வு கிழிந்து, கடலை விட்டவன்.

"என்னோடதுய்யா. எம் பேருக்கும் குடுப்பேன், அண்ணன் பேருக்கும் குடுப்பேன்."

இன்ஸ்பெக்டர் பக்கத்தைப் புரட்டினார். விக்டர்... ஆறும் பாசிட்டிவ்!

அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

"அப்பம் கிருமி எனக்கா? ரெண்டு பிள்ளைக இருக்குலே எனக்கு! ஆறு வருஷமா ஏம்லே சொல்லல, பாவி?"

"சொன்னா பயந்து ஓடிருவீங்க... ஸ்டடி கெட்டுடும்!" டாக்டர் வாயை விட்டார்.

அல்போன்சா காறித் துப்பினாள். "நாங்களும் மனுசங்கதாம்லே! உன் கூண்டு எலி இல்ல!"

பிணத்தின் பெருவிரலில் மை தடவி ஒற்றினார் இன்ஸ்பெக்டர். ரேகை பொருந்தவில்லை!

"போஸ்ட்மார்ட்டம் உண்டு டாக்டர். இவர் ரத்தத்துல கிருமி இருக்கா, உங்க ஊசி மருந்து இருக்கான்னு பார்த்துடலாம்."

டாக்டர் ஓட்டமெடுத்தார்... பத்தடிகூடப் போகவில்லை. விக்டர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான்.

"ஆள்மாறாட்டம்! என் ஆராய்ச்சியே நாசம்!" டாக்டர் கத்தினார்.

விலங்கை மாட்டினார் காசிலிங்கம்.

"கவலைய விடுங்க டாக்டர்! பாளையங்கோட்டை ஜெயில்ல ஆள் மாறவே மாறாது... ஆயுசு பூரா உங்களையே ஃபாலோ-அப் பண்ணலாம்!"