கோபாலன் பூட்டு

மலேசியாவின் காப்பார் ஊரிலிருந்த செம்பனை எண்ணெய் ஆலையில் ஷாமினி வந்து இறங்கியபோது காலை பத்து மணி. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வந்ததிலேயே பாதி உயிர் போயிருந்தது. மீதியை ஆலையின் வாடை எடுத்துக்கொண்டது. வெந்த பழமும் எண்ணெயும் புகையும் கலந்த வாடை. சட்டையில் ஒட்டினால் மூன்று முறை துவைத்தாலும் போகாது.

வாசலில் தம்பி தனேஷ் நின்றிருந்தான். இங்கே ஃபிட்டர். புரோகிராமர் ஒருவர் வேண்டும் என்று மேனேஜர் சொன்னதும் அக்காவின் பெயரைக் கொடுத்தவன் அவன்தான்.

"இன்னைக்குள்ள முடிச்சிடு கா. ஆடிட் வருது. இல்லன்னா மேனேஜர் என் உயிர வாங்கிடுவாரு."

ஆடிட்டுக்காக ஆலையே அமளிப்பட்டுக் கிடந்தது. ஒரு கூட்டம் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் என்னும் இரும்புக் கலன், லோரி நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும். பட்டனை அழுத்தினால் அதன் கதவு மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் சில நாள் பாதியில் நின்றுவிடும். பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு, பிறகு தானாகவே மூடிக்கொள்ளும். பழுது பார்க்கவென்று இரண்டு நாளாக ஆவி விடாமல் கலனை ஆறப் போட்டிருந்தார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் சூப்பர்வைசர் சிவநேசன் காப்பி கொடுத்தார். அதிகம் பேசாத மனிதர். ஷாமினி மடிக்கணினியை இணைத்துக் கதவின் பழைய புரோகிராமைத் திறந்தாள். அசெம்பிளி. இயந்திரத்தின் காதில் நேராகச் சொல்லும் மொழி. ஒரு வரிக்கு ஒரே ஒரு வேலை. வெளியிலிருந்து கம்பிகள் வந்து சேரும் முனைகளைப் படித்து, அதன்படி இயந்திரம் நடக்கும். தாமதத்தின் காரணம் சீக்கிரமே அகப்பட்டது.

ஏழாவது முனையைப் படி. அதில் ஒன்று இருந்தால் நில், மறுபடி படி. பூஜ்யம் என்றால் கதவை ஓர் அங்குலம் நகர்த்து.

பக்கத்தில், ஆங்கில எழுத்துகளில் தமிழ்க் குறிப்பு ஒன்று: உள்ள ஆள் இருக்கான். கேக்காம மூடாதே.

எண்ணெய்க் கறை படிந்த கையேட்டைப் புரட்டினாள். ஏழாவது முனை: பயன்பாட்டில் இல்லை, கம்பி கிடையாது. கம்பிகள் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தும் பார்த்தாள். வெறும் முனைதான், ஒரு கம்பியும் இல்லை.

"கம்பியே இல்ல அங்கிள். பக்கத்துல மோட்டார் ஓடினா அதுவா ஒண்ணு காட்டும், பூஜ்யம் காட்டும். வேற ஒண்ணும் இல்ல."

"அந்த வரி பரமேஸ்வரன் எழுதினது," என்றார் சிவநேசன். "உங்க வேலைய அப்ப அவருதான் பார்த்தாரு. இங்க வேலை பார்த்த கோபாலன் அந்தக் கலனுக்குள்ள மாட்டிச் செத்ததுக்கு அப்புறம் எழுதினாரு."

புகை படிந்த ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "கீழ, கலன் கதவு பக்கத்துல கொக்கி இருக்கு. உள்ள போறவன் தன் பூட்ட அதுல மாட்டணும். வெளிய வந்ததும் அவனேதான் எடுக்கணும். கோபாலன் மாட்டிட்டுத்தான் போனான். ஒம்பது வருஷமா தொங்குது. சாவி அவன் பாக்கெட்ல."

ஷாமினி அந்தக் குறிப்பை மறுபடி படித்தாள். ஆனாலும் கம்பியில்லாத முனைக்குப் பயந்தேன் என்று எந்த மேனேஜரிடம் போய்ச் சொல்வது? அந்த வரிகளை அழித்து, அவை இருந்த இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையை நிரப்பினாள். இயந்திரம் அதில் நிற்காது. கண்ணிமைக்கும் முன் தாண்டிப் போய்விடும்.

மதியம் இரண்டு மணிக்குச் சோதனை. கேன்டீனுக்குப் போகிறேன் என்று தனேஷ் சொல்லிப் போய் அரை மணி ஆகியிருந்தது.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா அங்கிள்?"

சிவநேசன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். "ஒரு பூட்டுதான் தொங்குது. எப்பவும் ஒண்ணு இருக்கும் லா. காலிதான்."

பட்டனை அழுத்தினாள்.

கதவு முனகிக்கொண்டே நகர்ந்தது. பாதி வந்தது. முக்கால் வந்தது.

நின்றது.

ஷாமினி திரையைப் பார்த்தாள். எந்த வரியில் இயந்திரம் இருக்கிறது என்று அதில் தெரியும்.

'ஒன்றும் செய்யாதே' என்ற வரியில் நின்றிருந்தது.

நிற்க முடியாத இடத்தில் நின்றிருந்தது.

ஏழாவது முனையில் ஒன்று.

தட்.

இரும்புக்கு உள்ளேயிருந்து.

தட். தட்.

"அக்கா..."

அவள் எப்படிப் படியிறங்கி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓர் ஆள் உடம்பைத் திருப்பி நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருந்தது. அதன் வழியே தனேஷ் வெளியே வந்து விழுந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"சாப்பிடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற டெம்பரேச்சர் கேஜ் மாத்திடலாம்னு போனேன் கா. கதவு வர்ற சத்தம் கேட்டுச்சு. காலு நகரவே இல்ல." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "யாரோ பின்னாலேந்து தள்ளினாங்க. அந்தக் கை சுட்டுச்சு கா."

அவன் சட்டையின் முதுகில், இரண்டு உள்ளங்கை அளவுக்குத் துணி பொசுங்கியிருந்தது.

கலனின் இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

ஷாமினி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூடப் பிறந்தவனைத் தன் கையாலேயே கொல்ல இருந்தோமே!

சிவநேசன் கொக்கியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதில் தொங்கியது தனேஷின் மஞ்சள் பூட்டு மட்டும். துருப்பிடித்த பழைய பூட்டு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. அழகாக இல்லையென்று பெயின்ட்காரர்கள் வெட்டி எறிந்திருந்தார்கள்.

"அன்னைக்கும் ஒரு பூட்டு தொங்குச்சு," என்றார். "பார்க்காம பட்டன அமுக்கினது நான்தான்மா."



ஆலையை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் ஏதேதோ கத்திப் பார்த்தார். ஷாமினி காதில் போட்டுக்கொள்ளாமல் அழித்த வரிகளை ஒன்று விடாமல் திரும்ப எழுதினாள். கையேட்டில் 'பயன்பாட்டில் இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சிவநேசன் ஸ்டோரிலிருந்து ஒரு புதுப் பூட்டு கொண்டுவந்து கொக்கியில் மாட்டிப் பூட்டினார். சாவியோடு கலனின் வாயருகே போனார். உள்ளே பட்டப்பகலிலும் கண் தெரியாத இருட்டு.

"கோபாலா, சாவி உன்கிட்டயே இருக்கட்டும்டா," என்று மெல்லச் சொல்லி, சாவியை உள்ளே வீசினார்.

இரும்புத் தரை. ஓர் ஆணி விழுந்தாலும் கணீரென்று கேட்கும்.

மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

சாவி விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.