பழைய புஷ், புது நட்டு

ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். கார் அரை நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பியது.

அந்த அரை நொடியில் முன்கண்ணாடி முழுக்க மதில் சுவர் நிறைந்துவிட்டது. காலுக்கு அடியில் எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம். பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன்பிறகு நடந்துபோகிறவனைக்கூட முந்தாத வேகத்தில் உருட்டிக்கொண்டு, விபத்து சர்வேயரின் அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"என்னைக் கொல்லப் பார்க்கறாங்க" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

சர்வேயர் நடுத்தர வயதுப் பெண்மணி. நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது தானாக நடந்தது, எது செய்யப்பட்டது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்வது அவர் தொழில். கூடவே வந்து படம் எடுப்பது அவருடைய கொழுந்தனார். கொழுந்தனாருக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் கொலை. அண்ணிக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர்.

"குடிங்க. அப்புறம் வரிசையா சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். தினமும் ரோட்டில் ஓட்டுகிற காரையே கொண்டுவந்து ஓட்ட வேண்டிய பந்தயம். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கை அசையாமல் பிடித்துவைக்கும் ரப்பர் புஷ் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று, திங்களன்று மெக்கானிக் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுக் கெட்டியான மஞ்சள் புஷ் மாட்டினார். செவ்வாயன்று ஓட்டிப் பார்த்தாள். கத்தி மாதிரி திரும்பியது. அதற்குப் பிறகு கார் ஷெட்டிலேயே நின்றது. இன்று வெள்ளி. வெளியே எடுத்ததும் இப்படி.

"ஷெட் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணு சாவி. எனக்கு ஒண்ணு, மெக்கானிக்குக்கு ஒண்ணு, என் தம்பிக்கு ஒண்ணு."

"தம்பி என்ன பண்றார்?"

"மாற்று டிரைவர். நான் ஓட்டலைன்னா அவன் ஓட்டுவான்." டம்ளரை மேஜையில் வைத்தாள். "அவனா இருக்கக் கூடாதுங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

கொழுந்தனார் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். "கேஸ் முடிஞ்சது அண்ணி."

"லென்ஸ் மூடியைக் கழட்டாமலே படம் எடுக்கற பழக்கம் உங்களுக்கு எப்ப போகும்?" என்று சர்வேயர் எழுந்தார்.

ஷெட்டில் காரைத் தூக்கி நிறுத்துவதற்குள் சர்வேயர் வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். மெக்கானிக் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது நான் போட்டதில்லைம்மா. நான் குப்பை டிரம்முல வீசின பழசு. வெடிப்பைப் பாருங்க. இதைப் பொறுக்கி எடுத்து எவனோ மறுபடி மாட்டியிருக்கான்."

தம்பி சுவரோரமாக நின்றான். காரின் பக்கம் பார்க்கவே இல்லை.

"மழையில நனைஞ்ச கோழி மாதிரி நிக்கறான், பாருங்க" என்று கொழுந்தனார் முணுமுணுத்தார்.

சர்வேயர் காதில் வாங்கவில்லை. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை வாங்கி, ரேக்கைப் பிடித்திருந்த நான்கு நட்டிலும் வைத்து அழுத்தினார். நான்கும் சரியான இறுக்கத்தில் 'டக், டக்' என்றன. காரை இறக்கச் சொல்லி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

"எல்லாரும் உட்காருங்க. டயர் மேலயாவது உட்காருங்க." மெக்கானிக்கிடம் திரும்பினார். "புஷ் பழசு. நட்டு நாலும் புத்தம் புதுசு. நீங்க போட்டதா?"

"இல்லை. இறுக்கினதும் நட்டு மேல சிவப்புப் பெயிண்ட்ல கோடு இழுக்கறது என் வழக்கம். இதுல கோடு இல்லை. இது லாக் நட்டும்மா. ஒரு தடவை கழட்டினா பிடிப்பு போயிடும். திரும்ப மாட்டும்போது புதுசுதான் போடணும்."

"மாட்டினவர் புதுசுதான் போட்டிருக்கார். அளவு பார்த்து இறுக்கியும் இருக்கார். கொல்ல வந்தவன் கடைக்குப் போய் லாக் நட்டு வாங்குவானா? இருக்கறதைத் தளர்த்திவிட்டுப் போனாப் போதுமே. சரி, ரேக்கை இறக்கும்போது ஸ்டீயரிங் வீலை ஏன் கட்டி வைக்கறீங்க?"

"அது பாட்டுக்குச் சுத்தினா உள்ள இருக்கற ஒயர் அறுந்துடும். அப்புறம் ஏர்பேக் விரியாது. அதுக்குன்னு ஒரு கம்பி வெச்சிருக்கேன், அதோ ஆணியில."

"இதை மாட்டினவர், வீல் சுத்தாம இருக்க சீட் பெல்ட்டை அதுக்குள்ள விட்டு மாட்டியிருக்கார். பெல்ட் நடுவுல மடிப்பு, அதுல கிரீஸ் விரல் தடம். நீங்களா இருந்தா கம்பியை எடுத்திருப்பீங்க. மிச்சம் இருக்கறது ஒரே சாவி."

அக்கா தம்பியின் முன்னால் போய் நின்றாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். "ஏன்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேற எதுக்கு, டிரைவர் சீட்டுக்குத்தான்" என்றார் கொழுந்தனார்.

"பந்தய ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டேன். மாற்று டிரைவர் பட்டியல்லேருந்து நேத்தே தன் பேரை எடுத்துட்டார்." சர்வேயர் அக்காவைப் பார்த்தார். "ஏர்பேக் விரியணும்னு பார்த்தவர் உங்களைக் கொல்ல நினைக்கலை. நீங்க இந்தக் காரைத் தொடவே பயப்படணும்னு நினைச்சிருக்கார். ஏன்னு எந்த நட்டுலயும் எழுதலை. அவர்தான் சொல்லணும்."

"சுவத்துல மோதியிருந்தா என்னடா பண்ணியிருப்பே?"

"நீ வாசல் திருப்பத்துலயே நிறுத்திடுவேன்னு நினைச்சேன். பைக்ல பின்னாடியேதான் வந்தேன்." தம்பி அக்காவை நிமிர்ந்து பார்த்தான். "செவ்வாய்க்கிழமை, மூணாவது வளைவுல காரைத் திருப்பினது யாரு?"

"நான்தான்."

"நான், அக்கா. பக்கத்து சீட்லேருந்து வீலைப் பிடிச்சு இழுத்தேன். உன்னைக் கூப்பிட்டேன். கண்ணு திறந்திருந்துச்சு, ஆனா நீ அதுல இல்லை. எட்டு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி, 'புஷ் மாத்தினது நல்லா தெரியுதுடா'ன்னு சொன்னே."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அசதியா இருந்திருக்கும். டாக்டர்கிட்ட போலாம்னு சொல்லியிருந்தா..."

"சொன்னா வந்திருப்பியா? தலைவலிக்கே மாத்திரை போடாதவ."

"ஒரு தடவை அசந்ததுக்கு இவ்வளவு பயமா?"

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா விபத்துல போன அன்னிக்கு ஸ்டீயரிங் உடைஞ்சு போச்சுன்னு அப்பா ஊரெல்லாம் சொன்னார். நீயும் அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கே. உடையலை, அக்கா. அம்மா ஓட்டினாங்க, பின்சீட்ல நான் இருந்தேன். அம்மா, அம்மான்னு கத்தினேன். மேல இருக்கற கண்ணாடியில அம்மா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கடைசி வரைக்கும், உன்னை மாதிரியே, கண்ணு திறந்துதான் இருந்துச்சு."