பழைய டேப்புக்குள் இருந்த கேசட்

"அந்தப் பழைய டேப்பு எங்க?"

வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த தீர்த்தம்மாள் கேட்டாள். அலமாரி மேல் புது டேப் ரெக்கார்டர் மட்டும்தான் இருந்தது. துபாயில் வெல்டராக இருக்கும் அவள் கணவன் முனிராஜ், ஊர் திரும்பிய நண்பனிடம் கொடுத்தனுப்பியது.

"நேத்தே தருமபுரியில வித்துட்டேன் அண்ணி. பஸ் ஸ்டாண்டு பக்கம், கவுஸ் பாஷா ரெக்கார்டிங் கடையில," என்றான் கொழுந்தன் பச்சியப்பன்.

"உள்ள கேசட் இருந்துச்சே..."

மாமியார் குள்ளம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "எந்தக் கேசட்டு? ஆறு மாசம் முன்னாடி வந்துச்சே, சரியா பதியல, ஒண்ணும் கேக்கலன்னியே... அதுவா?"

தீர்த்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முனிராஜ் கடிதம் எழுதமாட்டான். பேசிப் பதிந்துதான் அனுப்புவான். கேசட் வந்தால் வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். அந்த ஒன்றை மட்டும் அவள் தனியாகக் கேட்டு, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள். முந்தாநாள் பகலில் மறுபடி போட்டுக் கேட்டபோது மாமியார் வரும் சத்தம் கேட்டு அணைத்துவிட்டாள். எடுக்க மறந்துபோனாள்.

"எம்மவன் என்ன சொன்னானோ, எல்லாத்தையும் முழுங்கிட்டியே! ஏழு வருசமா ஒரு புள்ளையப் பெத்துக் குடுக்க முடியல... இதுல அவன் பேச்சையும் ஒளிச்சு வைப்பியா? தை மாசம் அவன் வரட்டும். பாப்பாரப்பட்டிக்காரி இந்த வூட்டுக்கு வந்தப்புறம் உன் பவுசு தெரியும்!"

பாப்பாரப்பட்டியில் இருக்கும் தம்பியின் மகளை, முனிராஜுக்கு இரண்டாந்தாரமாகக் குள்ளம்மாள் பேசி வைத்திருந்தாள். மகனுக்கு இன்னும் தெரியாது. தீர்த்தம்மாளும் அவனுக்குத் தெரிவிக்கவில்லை.

அவள் முகம் கழுவிக்கொண்டு, அதியமான்கோட்டை ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள்.

பழைய டேப்பில் புருஷன் பேசிய கேசட் இருந்தது என்று அவள் சொன்னதும் கவுஸ் பாஷா புரிந்துகொண்டார். "பாட்டு பதியலாம்னு எடுத்துப் போட்டேம்மா. 'தீர்த்தா'ன்னு கூப்பிடற குரல் வந்துச்சு. ரெண்டு வார்த்தையில நிறுத்திட்டேன்."

"அதை அழிச்சுக் குடுத்துடுங்க பாய். இனி யாரு கையிலயும் சிக்கக் கூடாது."

"புருசன் குரலாச்சே... யோசிச்சுக்கம்மா."

"அழிச்சுடுங்க."

அவர் கேசட்டை மிஷினில் செருகும்போது குள்ளம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். அடுத்த பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"அழிக்கவா வந்தே? போடுய்யா! எம்மவன் குரலு அது!"

"இவங்க பேருக்கு வந்ததுங்க. இவங்க சொன்னாத்தான் போடுவேன்," என்றார் கவுஸ் பாஷா.

"வேணாங்க அத்த... உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்..."

குள்ளம்மாள் கையை நீட்டித் தானே பட்டனை அழுத்தினாள். குரல் வந்ததும் கவுஸ் பாஷா கடையை விட்டு வெளியே போய் நின்றார்.

"தீர்த்தா... இங்க டாக்டருகிட்ட காட்டினேன். கொறை எங்கிட்டதானாம். உங்கிட்ட ஒண்ணுமில்ல. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்காது. நான் வந்து சொல்ற வரைக்கும், உம்மேல பழி வந்தாலும் பொறுத்துக்க..."

தீர்த்தம்மாள் மிஷினை நிறுத்தினாள். குள்ளம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா... நான் அப்படியெல்லாம் பேசியிருப்பனாடி?"

"சொல்லாதன்னு கேட்டுக்கிட்டாருங்களே."

"நான் பேசுன பேச்சுக்கெல்லாம் வாய மூடிக்கிட்டு இருந்தியே..." குள்ளம்மாள் மிஷின் மேல் கையை வைத்து மறித்தாள். "அழிக்காத. அழிச்சுட்டா, நாளைக்கி ஊரு உன்ன ஒண்ணு சொன்னா சாட்சி ஏது?"

"அவரு பேரு கெட்டு எனக்குச் சாட்சி வேணாங்க. நீங்க கேட்டுட்டீங்க... அது போதும்."

குள்ளம்மாள் மருமகளின் கையை இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு அழுதாள். தீர்த்தம்மாளுக்கு அழுகை வரவில்லை. மாமியாரின் தலைமேல் கையை வைத்தபடி நின்றாள்.

கவுஸ் பாஷா உள்ளே வந்து, பழைய பேச்சு அழிந்துபோகும்படி மைக் இல்லாமல் பதிவு பட்டனை அழுத்தினார். கேசட் ஓடி முடிய அரை மணி ஆயிற்று. இருவரும் அதுவரை அங்கேயே இருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் குள்ளம்மாள் ஊர் பஸ்ஸில் ஏறவில்லை. மருமகளையும் கூட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டி போனாள். சம்பந்தம் வேண்டாம் என்றதும் தம்பி கோபமாகக் காரணம் கேட்டான்.

"எங்க வூட்டுக்கு மருமவ இருக்கறா," என்றாள் குள்ளம்மாள். அவன் எவ்வளவோ கேட்டும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.