நாக்கில்லாத மணி

1994 ஜனவரி. பாலவாக்கம் சவுக்குத் தோப்பு. காலை பதினொன்றரை.

பன்னிரண்டடிப் பலகைச் சுவரின் உச்சியில் நின்று ஜெயராம் மணிக் கயிற்றை இழுத்தான். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தான். மணி ஆடியதே தவிர அடிக்கவில்லை.

"சார், மணிக்கு நாக்கே இல்ல சார்!"

கீழே கணக்கு டீச்சர் அபயாம்பாள் குடையை மடக்கினாள். மயிலாப்பூரிலிருந்து ஒன்பதாம் வகுப்பை முகாமுக்கு அழைத்துப்போகும் வேலை அவள் தலையில் கட்டப்பட்டிருந்தது. வேனில் அடையாறு வரை அந்த மணி டங் டங்கென்று அவள் மண்டையைப் பிளந்தது. "யாராவது அதை மடியில வெச்சுக்கோங்கோளேன்!" என்று அவள் கத்தியதும் அச்யுத் வாங்கிக்கொண்டான். வந்து சேர்ந்ததும் சுவரடியிலேயே ஜமக்காளத்தை விரித்துப் படுத்தவள், பி.டி. மாஸ்டர் நூர் முஹம்மது மணியைக் கட்டி, ஏணியை வேனில் வைத்துப் பூட்டிய பிறகுதான் கண் விழித்தாள்.

விளையாட்டின் விதி எளியது. குழுவுக்கு எட்டு பேர். ஒருவரையொருவர் தூக்கிவிட்டு எட்டு பேரும் ஏறிய பிறகே மணி அடிக்கலாம். மணி இல்லையென்றால் போட்டியே இல்லை.

மாஸ்டருக்கு யோசிக்க நேரமாகவில்லை. "தனியா ஒருத்தனும் அங்க ஏற முடியாது. டிபன் நேரத்துல ஏறிப் பார்த்தது ஸ்ரீலக்ஷ்மி டீம் மட்டும்தான். இன்னாம்மா, நாக்கு எங்க?"

அடுத்து ஏற வேண்டிய குழுவின் தலைவி ஸ்ரீலக்ஷ்மி. "நாலஞ்சு பேர் ஏறினோம் சார். மணியைத் தொடலை" என்றாள்.

"அப்ப சாயங்காலம் பஸ்ல வீட்டுக்குப் போ. திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிக்க."

பெண்ணின் கண் கலங்கியது. ஆனாலும் நிமிர்ந்தே நின்றாள். திருடியவள் இப்படி நிற்க மாட்டாள் என்று அபயாம்பாளுக்குப் பட்டது.

"ஒரு நிமிஷம் சார். நீங்க மணி கட்டறச்சே நான் என்ன பண்ணிண்டிருந்தேன்?"

மாஸ்டர் நெளிந்தார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். குறட்டை வுட்டுக்கினு இருந்தீங்க."

"எவ்வளவு தூரத்துல?"

"ஏணிக்குப் பக்கத்துலயேதான்."

"மணிக்குள்ள எட்டிப் பார்த்தேளா?"

"எங்க? ஏணி ஆடுது, உசுரு போவுது."

அபயாம்பாள் சிரித்தாள். "அடையாறு வரைக்கும் என்னைக் கண் மூட விடாத மணி, தலைக்கு மேல கட்டறச்சே என்னை எழுப்பவே இல்லை. ஏன்னா அப்பவே அதுக்கு நாக்கு இல்லை. சுவர்ல ஏறி யாரும் திருடலை. அடையாறுலேர்ந்து உங்க கைக்கு வர வரைக்கும் மணி ஒருத்தர் மடியிலதான் இருந்தது. அச்யுத், எடு."

அச்யுத் சாக்ஸுக்குள் கைவிட்டுப் பித்தளை நாக்கை எடுத்தான்.

"ஸ்கூல்ல ப்ராக்டிஸ் பண்ணப்போ பாதியில தொங்கினேன் மிஸ். எல்லாரும் சிரிச்சாங்க. போட்டி நின்னுடும்னு நெனைச்சேன். ஸ்ரீலக்ஷ்மி மாட்டிப்பான்னு நெனைக்கல."

"வேன்ல இவன் பக்கத்துல உக்காந்திருந்தது நீதானே?" என்று ஸ்ரீலக்ஷ்மியிடம் திரும்பினாள் அபயாம்பாள். "பார்த்திருப்பே. ஏண்டி சொல்லலை?"

"வேன்ல என்னமோ நோண்டிண்டிருந்தான் மிஸ். நாக்கு இல்லன்னதும்தான் புரிஞ்சுது. சொன்னா இவனை வீட்டுக்கு அனுப்பிடுவேள். நான் போனாலும் எங்க டீம்ல ஏழு பேர்தான். ஆனா இவன் போனா அப்புறம் ஏறவே மாட்டான்."

இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவளுக்கே இந்தக் கணக்கு புதிது. இந்தச் சுண்டைக்காய்ப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று அசந்துபோனாள். "யாரும் பஸ் ஏற வாணாம்" என்று மாஸ்டர் நாக்கை வாங்கிக்கொண்டார்.

அச்யுத் சுவரை அண்ணாந்து பார்த்தான். "நான் ஏறிப் பார்க்கறேன்" என்றான். குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

அதற்குள் எதிரணி ஜெயராம் கீழே குதித்து, சுவரடியில் மண்டியிட்டுவிட்டான்.

"என் தோள்ல கால் வை மச்சி. மெதுவா."

அச்யுத் ஷூவைக் கழற்றினான்.