உப்புண்ணி

கொண்டல்துறையில் பந்தி போட்டால் உப்பைக் கடைசியில்தான் வைப்பார்கள். சோறும் குழம்பும் உப்பில்லாமலே இலைக்கு வரும். பிறகு ஆளுக்கொரு பொட்டலம். கிழித்துத் தூவிப் பிசைந்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். பக்கத்து இலைக்காரரோடு பேச்சுக் கொடுத்தால் போச்சு. ரசம் வருவதற்குள் சோற்றிலிருந்த உப்பெல்லாம் கரையாத கண்ணாடி மணலாகிப் பல்லில் நறநறக்கும்.

அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. அன்று நடந்தது மூன்றாம் போக அறுவடை விருந்து. மூன்றாம் போகம் என்ற சொல்லே அந்தத் தாலுகாவுக்குப் புதிது.

கிழக்கே கடல், தெற்கே உப்பங்கழி, வடக்கே கடைமடை ஆறு. ஆற்றில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும். மற்ற மாதங்களில் கடல்தான் ஆற்றுக்குள் ஏறும். எங்கே தோண்டினாலும் உவர்நீர். ஒரு போகம் நெல்லும் கழியோரத்து உப்பளங்களும் மணல்மேட்டுக் குப்பங்களின் மீனும்தான் ஊருக்குச் சோறு போட்டன. அவை பொய்த்த வருடங்களில் இளவட்டங்கள் திருப்பூர் பஸ் ஏறினார்கள்.

உப்புண்ணி வந்த பிறகு அந்த பஸ்கள் காலியாக ஓடின. அது ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய நுண்ணுயிர். ஈரமண்ணில் தூவினால் உப்பைத் தின்று, கரையாத மணிகளாகக் கழித்துவிடும்; கொதிக்க வைத்தாலும் சாகாது. அதைக் கொண்டுவந்தவர் ஒன்றியத் தலைவர் மங்கையர்க்கரசி. கடல்நீர் உள்ளே வராதபடி தாலுகாவின் நீளத்துக்கும் மண்ணால் ஒரு கடல்மறிப்பை எழுப்பி, அதற்கு உட்பட்ட நிலம் முழுவதும் உப்புண்ணியைத் தூவச் செய்தார். இரண்டாவது வருடமே கிணறுகள் இனித்தன.

மறிப்பு, உப்பங்கழியின் வாயையும் அடைத்துவிட்டது. உப்பளங்கள் காய்ந்தன. அவற்றில் ஒன்று மங்கையர்க்கரசியின் அண்ணன் உலகநாதனுடையது. அன்றிலிருந்து அண்ணன் தங்கையோடு பேசுவதில்லை. மாடு வளர்த்துக் காலம் தள்ளினார்.

அந்த உலகநாதன் விருந்துப் பந்தலுக்குள் நுழைந்ததும் மங்கையர்க்கரசி எழுந்து ஓடினார்.

“வாங்கண்ணே! உக்காருங்க, இலை போடச் சொல்றேன்.”

“சாப்பிட வரல, அரசி. மாடுங்க ஒரு மாதிரியா இருக்கு. நீ வந்து பாக்கணும்.”

தொழுவத்தில் ஒரு மாடும் வைக்கோலைத் தொடவில்லை. ஒன்று சுவரை நக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று உலகநாதனின் சட்டை முதுகை வாயில் கவ்விச் சப்பியது. செவலைப் பசு ஒன்று மங்கையர்க்கரசியின் உள்ளங்கையை நக்கத் தொடங்கியது. சொரசொரத்த நாக்கு. கையை இழுத்தாலும் பசு விடவில்லை. தோல் எரிந்தது. உலகநாதன் கொம்பைப் பிடித்துத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் பசு கால் மடங்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்து உதைத்துக்கொண்டது.

“வேர்வைக்கு அலையுதுங்க,” என்றார் உலகநாதன். “உப்புக்கட்டி வாங்கிப் போட்டேன். நக்கித் தீத்துட்டு இன்னும் கேக்குதுங்க. தின்ன உப்பு எங்கதான் போவுது?”

“தீவனக் கோளாறா இருக்கும்ணே. கால்நடை டாக்டர அனுப்புறேன்.”

“தண்ணியில கோளாறு இல்லன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

அந்தக் கேள்வி அவருக்குச் சுருக்கென்றது. “உப்பளம் போன கோவம் இன்னும் ஆறல உங்களுக்கு,” என்று சொல்லிவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி காரில் ஏறினார்.

அடுத்த நடவின்போது வயலில் வேலை செய்த பெண்கள் இருவர் நாற்றுமுடியோடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வலிப்பு வந்தது. அந்த வாரமே வார்டு நிறைந்து, வராந்தாவில் பாய் விரித்தார்கள். அந்தப் பாய்களில் ஒன்றில் உலகநாதனின் மனைவி வசுமதி கிடந்தார். பக்கத்தில் நின்ற கணவனை யாரென்று கேட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் மங்கையர்க்கரசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரத்தத்தில் உப்பு இறங்கிக்கொண்டே போகிறது என்றார் டாக்டர். உப்புநீர் ஏற்றினால் கொஞ்ச நேரம் தெளிவு வரும், மறுபடியும் மயக்கம். சிறுநீரில் பளபளவென்று மணல் வந்தது.

உப்புண்ணியை வடிவமைத்த சித்தார்த்தன் தலைநகரிலிருந்து வந்தார். நல்ல மனிதர். வசுமதியின் ரத்தத்தை உருப்பெருக்கியில் பார்த்தவர் வெகுநேரம் தலையை நிமிர்த்தவே இல்லை.

“நாங்க ரெண்டு பூட்டு வச்சிருந்தோம், மேடம். உப்பு ரொம்பக் குறைஞ்சா பட்டினியில செத்துடும். கடல் அளவுக்கு ஏறினா வெடிச்சுச் செத்துடும். நடுவுல, உங்க ஊர் கிணத்துல பழைய தண்ணி இருந்த அளவுல மட்டும்தான் வாழும்.”

“அப்புறம் எப்படி உடம்புக்குள்ள?”

“மனுச ரத்தத்துல இருக்கற உப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.” அவர் உருப்பெருக்கியைத் தள்ளி வைத்தார். “மண்ணுல தீனி இருந்தவரைக்கும் மண்ணோட இருந்துச்சு. அங்க குறைஞ்சதும், பட்டினியில சாகறதுக்கு முன்னாடி தண்ணி வழியா உடம்புக்குள்ள ஏறிடுச்சு.”



செய்தி வெளியே போன அன்றே சாலைகளை மூடினார்கள். போன மாதம்வரை எங்களுக்கும் உப்புண்ணி வேண்டும் என்று மனு கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்துத் தாலுகாக்காரர்கள், எல்லையில் கம்புகளோடு நின்றார்கள். ஆளில்லா விமானங்கள் மேலிருந்து உப்புப் பொட்டலங்களைப் போட்டன. ஜனங்கள் அவற்றை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் நின்றது. மாடுகள் மட்டும் அடைத்த கதவுகளை வெளியிலிருந்து நக்கிக்கொண்டிருந்தன.

இரண்டு மாதச் சோதனைக்குப் பிறகு சித்தார்த்தன் ஒரே வழிதான் இருப்பதாகச் சொன்னார். கடலை உள்ளே விட வேண்டும். வயல், வாய்க்கால், கிணறு எல்லாவற்றிலும் கடல் நின்றால் மண்ணிலிருக்கும் உப்புண்ணி வெடித்துச் சாகும். புதிதாக உடம்புக்குள் போவது நின்றுவிட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பதை மருந்து கொடுத்து வெளியேற்றிவிடலாம்.

“நெல்லு?” என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

“எதுவும் மிஞ்சாது. நிலம் பழையபடி ஆக ரொம்ப வருசமாகும்.”

அவர் நேரே அண்ணனிடம் போனார். உலகநாதன் வராந்தாவில் மனைவியின் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான் கேக்கல.”

“அத விடு. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு.”

“மறிப்ப வெட்டணும். கடல் ஓதம் எங்க வேகமா ஏறும்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

“கழிவாயில வெட்டு. அமாவாசை ஓதத்துல ஊர் பூரா ஏறிடும்.” அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வா, நானும் வர்றேன்.”

அமாவாசையன்று உச்சிப் பொழுதில் கழிவாயில் மறிப்பை வெட்டினார்கள். பொக்லைன் வாளி நாலு தரம் அள்ளியதுமே மீதிக் கரையைக் கடல் தானே சரித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பள்ளிக்கூட மேட்டில் கூடியிருந்தவர்கள் வாய்விட்டு அழுதார்கள். கதிர் வாங்கும் பருவத்து நெல். அலை அதன் இடுப்புவரை ஏறி நின்றது. தன் வயலைப் பார்க்க முடியாமல் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். மங்கையர்க்கரசி அழவில்லை. இனி இவர்கள் பிழைத்துவிடுவார்கள் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மூன்று நாளில் பயிர் மஞ்சளாய்ப் பழுக்கும், பிறகு கருகும் என்று சித்தார்த்தன் சொல்லியிருந்தார். வாரம் ஒன்று போயிற்று. பயிர் பழுக்கவில்லை.

மங்கையர்க்கரசி மேட்டிலிருந்து இறங்கி, மறிப்பு உடைந்த இடத்துக்கு இடுப்பளவு நீரில் நடந்தார். சித்தார்த்தன் உப்புமானியோடு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். மானியை அலையில் முக்கினார், எடுத்தார், உதறினார், மறுபடி முக்கினார்.

“பழுதா?” என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

மங்கையர்க்கரசி கடலுக்கு இன்னும் உள்ளே போனார். நெஞ்சில் மோதிய அலையிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டார். தண்ணீர் தித்தித்தது.

“மறிப்பு கசிஞ்சிருக்கு,” என்றார் சித்தார்த்தன் பின்னாலிருந்து. “இத்தனை வருசமா அந்தக் கசிவுல நின்னு, உப்புண்ணி கொஞ்சம் கொஞ்சமா கடலுக்குப் பழகியிருக்கு. நாமதான் பழக்கியிருக்கோம்.”

உலகநாதன் கரையில் நின்று நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாடைப் போக்கு மாறிடுச்சு, அரசி,” என்றார். “தண்ணி இப்ப வடக்க, அடுத்த ஊருங்க பக்கமா ஓடுது. இது அங்கயும் போவும்.”

வயல்களின் மேல் கடல் அலையடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் நெற்பயிர் கரும்பச்சையாய்ச் செழித்துப் பால் பிடித்து நின்றது.